கம்ப்யூட்டருக்கு வைத்த மொய் விருந்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம் இல்லையென்றால் எங்கள் கல்லூரியின் பின்கட்டடத்தில் இன்றைக்கு அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்காது.

மெஷின் என்றால் சூப்பர் கம்ப்யூட்டர். பெயரைக் கேட்டதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஏசி அறை, அதற்குள் துணி பீரோ உயரத்துக்குச் சில கறுப்பு அலமாரிகள், காது வலிக்கிற இரைச்சல். பெரிய ஊர்களில் இருக்கிறவற்றுக்கு முன்னால் இது பொடிசுதான். ஆனால் என் மேசைக் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் திணறும் ஒரு வேலையை இது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துப் போட்டுவிடும்.

எனக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மீமிசல் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் வருடா வருடம் உப்பாகிக்கொண்டே வருகிறது. கடல் மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கு அடியில் ஊர்ந்து வருவது தெரியாது. அது எந்தப் பக்கமாக வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது, அடுத்து எந்தக் கிணறு கெடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீரை அளந்து வைத்திருந்தேன், மண்ணைத் தோண்டிப் பார்த்து வைத்திருந்தேன், சூத்திரங்களை எழுதி வைத்திருந்தேன். ஓட்டிப் பார்க்க மெஷின் மட்டும் இல்லை.

மெஷின் இருக்கிற இடம் ஒன்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். என் கணவர் வேலை பார்ப்பதும் பெங்களூரில்தான். கல்யாணம் ஆனதிலிருந்து ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்துகிறோம். வெள்ளிக்கிழமை அவர் பஸ் ஏறுவார், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். திருக்கோகர்ணத்து வீட்டில் மற்ற நாளெல்லாம் நான் தனியாள். எந்த மனுஷனும் எத்தனை வருடத்துக்கு இப்படி அலைவார்? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அங்கயும் தண்ணி இருக்கு, கெணறு இருக்கு. மெஷினும் இருக்கு. நீயும் வந்துட்டா என்ன?"

"மீமிசல் கெணத்தை பெங்களூர்ல ஒக்காந்துக்கிட்டு எப்புடிங்க பாக்குறது?"

"நீ இங்க ஒக்காந்தும் பாக்க முடியலையே" என்றார்.

அது நெஞ்சில் குத்தியது. உண்மை எப்போதும் இப்படித்தான், சாம்பார் ஊற்றும் நேரத்தில் வந்து குத்தும். அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். மெஷின் இங்கே வந்தால் நான் இங்கே. வராவிட்டால் நான் பெங்களூரில். அந்த நிலையம் கொடுத்திருந்த கெடு அடுத்த பொங்கல் வரை.

எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவேன். அவ்வளவு பிடிக்கும்.

அரசாங்கத்தில் அப்போது ஒரு திட்டம் இருந்தது. பல கல்லூரிகளும் அந்த வட்டாரத்துத் தொழில்காரர்களும் சேர்ந்து ஒரு பொது சூப்பர் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதாக இருந்தால், பெரும்பங்கை அரசாங்கம் தரும். மிச்சத்தை உள்ளூரில் திரட்டிக் காட்ட வேண்டும். நான் சென்னைக்குப் போய் அந்த அலுவலகத்தில் விவரம் கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊர் மேடம்?"

"புதுக்கோட்டைங்க."

"ஓ" என்றார். அந்த ஓ இருக்கிறதே, அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். பிறகு, "உங்க பக்கம் யார் மேடம் இதுக்கெல்லாம் பணம் போடுவாங்க? கோயம்புத்தூர்னா சரி" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. "போடுவாங்க சார். போட்டதுக்கப்புறம் வாரேன், அப்ப நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் யார் போடுவார்கள் என்று நானே யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. கல்லூரி அரங்கில் ஒரு கூட்டம் போட்டேன். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள், மாத்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், முந்திரி ஆலைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், மீமிசலிலிருந்து ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவர். பவர்பாயிண்டில் படம் படமாகக் காட்டினேன். எதிர்காலம் என்றேன், கூட்டு முயற்சி என்றேன், அறிவுப் பொருளாதாரம் என்றுகூட ஒரு தடவை சொன்னேன். கடவுளே, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எல்லோரும் சமோசா சாப்பிட்டார்கள். "நல்ல விஷயம் மேடம், நல்ல விஷயம்" என்றார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் கை தூக்கினார். நல்ல உயரம், நல்ல மீசை, தன் பேச்சைத் தானே ரசிக்கிற ஆள்.

"மேடம், நான் போடுறேன்னு வைங்க. எனக்கு என்ன திரும்ப வரும்?"

"ஊருக்கே பலன் வரும் சார்."

"ஊருக்கு வர்றது இருக்கட்டும். எனக்கு?"

நான் மறுபடி ஊர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது. ஒரு ரூபாய் தேறவில்லை.

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவர் ஓர் அக்கா. உறவு ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வந்த அக்கா. ஆவூரில் பிறந்து வளர்ந்து, இன்ஜினீயரிங் படித்து, ஆலங்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மாத்தூரில் கொதிகலன் பாகங்கள் செய்கிற பட்டறை அவருடையது. ஒவ்வொரு புது டிசைனும் அழுத்தம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வெளியூருக்கு அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்துக் கிடப்பார். மெஷின் வந்தால் அவருக்கும் பிழைப்பு சுலபம். அதனால் என்னைவிட அவருக்குத்தான் அதிக எரிச்சல். கார் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, ஒனக்குப் படிப்பு இருக்கு, மண்டையில கொஞ்சம் மசாலா இருக்கா?"

"ஏங்க்கா? நல்லாத்தானே பேசுனேன்?"

"நல்லாப் பேசுன. நன்கொடை கேட்ட. இந்த ஊர்ல எவன் நன்கொடை வாங்கித் தொழில் ஆரம்பிச்சான்? எங்க மாமனாரு மொத வெல்டிங் மெஷினு எதுல வாங்குனாரு? மொய் விருந்துல. அங்க இருந்த பாதிப் பேரு ஆரம்பிச்சது மொய் விருந்துல. அவங்ககிட்டப் போயி எதிர்காலம் எதிர்காலம்ங்கற!"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காது குத்து என்று எந்தக் காரணமும் வேண்டாம். ஒருவருக்குப் பணம் தேவை என்றால் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, ஊரைக் கூப்பிடுவார். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். அந்தப் பணத்தில் அவர் போர் போடுவார், டிராக்டர் வாங்குவார், கடை வைப்பார். மொய் வைத்தவர் தன் முறைக்கு விருந்து வைக்கும்போது இவர் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, மானம்தான் ஜாமீன். இப்போது மொய் எழுதக்கூட கம்ப்யூட்டர் வந்துவிட்டது, வைத்த கையோடு சீட்டு அடித்துக் கொடுக்கிறார்கள்.

"எல்லாஞ் சரிக்கா. காலேஜ் எப்புடித் திருப்பி மொய் செய்யும்?" என்று கேட்டேன்.

"மெஷினு எதுக்கு இருக்கு? அது ஓடுற நேரத்தைத் திருப்பிச் செய்யி."

காரை நிறுத்தச் சொன்னேன். தலையில் விளக்கு எரிந்த மாதிரி என்பார்களே, எனக்கு அதெல்லாம் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த ஐஸ்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் சரியாகத்தான் கேட்டிருந்தார். நான்தான் பாஷை தெரியாமல் நின்றிருக்கிறேன்.

எங்கள் பிரின்ஸிபாலிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"காலேஜுக்காகக் கிடா வெட்டப் போறியா?"

"கிடா மட்டும் இல்லைங்க சார், உங்களுக்கு சாம்பார், பொரியல் எல்லாம் உண்டு."

"ஆடிட்டர் என்ன சொல்வாரு?"

ஆடிட்டர் நல்லவர். கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, வருகிற பணத்துக்கெல்லாம் ரசீது போட்டுச் சங்கத்தின் கணக்கில் கட்டினால் தடையில்லை என்றார். விதியையும் எழுதிவிட்டோம். மெஷின் ஒரு வருடத்தில் ஓடக்கூடிய நேரம் முழுவதும் மொய் வைத்தவர்களுக்கே. யார் எவ்வளவு வைத்தார்களோ அந்த அளவுக்கு நேரம். கல்லூரியானாலும் சரி, கம்பெனியானாலும் சரி, ஒரே விதி. அடுத்த வருடம் மெஷினைப் பெரிதாக்க வேறொருவர் விருந்து வைப்பார், முதல் முறை அக்காவுக்கு. இப்படியே முறை சுற்றிவரும். நான்தான் அந்த விதியை எழுதினேன். எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பத்திரிகை அடிக்கிற நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. சங்கத்தின் பெயரைப் போட்டு வைத்திருந்தோம். அக்கா பார்த்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

"சங்கத்துக்கு எவன் வருவான்? ஆள் பேரு போடு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போயிக் கேப்பான்?"

ஆக, விருந்து என் பெயரில் போயிற்று. அழைப்பது நான், மெஷினுக்கு இடம் கொடுப்பது என் கல்லூரி. ஊர் முச்சந்திகளில் ஃபிளெக்ஸ் போர்டு. அதில் என் போட்டோ, பக்கத்தில் கம்ப்யூட்டர் படம், மேலே "கணிப்பொறி மொய் விருந்து". என்னைப் பார்த்து டவுன் பஸ் கண்டக்டர் வணக்கம் வைத்தார். என் கணவருக்கு யாரோ அதைப் படம் பிடித்து அனுப்பிவிட, அவர் போன் செய்து சிரிசிரியென்று சிரித்தார். பிறகு, "கூட்டம் வருமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு மண்டபம். பந்தி மேல் பந்தியாக நடந்தது. விருந்துச் செலவு விருந்து வைக்கிறவர் பொறுப்பு என்பதால் நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஆட்டிலும் அரிசியிலும் போயிற்று. கொஞ்சமும் வருத்தமில்லை. நான் வாசலில் நின்று கும்பிட்டுக் கும்பிட்டுத் தோள் வலித்தது. பட்டறைக்காரர்கள் வைத்தார்கள், முந்திரிக்காரர்கள் வைத்தார்கள், பக்கத்துக் கல்லூரிகளின் முதல்வர்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் தன் பெயரை இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, சத்தம் போதவில்லை என்று மூன்றாம் தடவையும் வாசிக்க வைத்தார். போகிறபோது என்னிடம், "நல்ல கறி மேடம். ஆனா எனக்கு எலும்பா வச்சுட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

உள்ளூர்ப் பங்கு தேறிவிட்டது. தேவைக்கு மேலேயே தேறியது. நான் சென்னைக்குப் போய் அந்தக் கண்ணாடி அதிகாரியின் மேசையில் வங்கிச் சான்றை வைத்தேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். இந்தத் தடவை ஓ என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கார்த்திகை மாதம் மெஷின் வந்து இறங்கியது. லாரியிலிருந்து இறக்கும்போது கல்லூரியே கூடி நின்றது. எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அன்றைக்கே பெங்களூர் நிலையத்துக்குப் போன் செய்து, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மரியாதையாக வருத்தப்பட்டார்கள். என் கணவர் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பேச்சுன்னா பேச்சுதான். ஜெயிச்சுட்ட" என்றார்.

மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினீயர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பயன்படுத்துகிறவர்களின் பெயர்களை ஏற்றத் தொடங்கினார். யார் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று நாங்கள் கொடுத்தபடியே போட்டார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கிணற்றுக் கணக்கு பென்டிரைவில் தயாராக இருந்தது. காலையில் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது கல்யாண நாள் மாதிரிதான்.

"முடிஞ்சுது மேடம்" என்றார்.

"என் பேரு?"

அவர் திரையில் தேடினார். கல்லூரியின் பெயரைத் தேடினார். மறுபடி தேடினார். "உங்க காலேஜுக்கு அலாட்மெண்ட் எதுவும் இல்லையே மேடம். நேரம் முழுசும் பிரிச்சு முடிஞ்சுது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் சிரித்தேன். விருந்து வைத்தவர் தன் விருந்தில் தானே மொய் வைப்பாரா? இந்த ஊரில் எங்கேயாவது நடக்குமா? நான் விருந்துக்காரி. எங்கள் கல்லூரி விருந்து வீடு. வாசலில் நின்று கும்பிட்டோம், வாங்கிக்கொண்டோம். நாங்கள் மொய் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்காவுக்குத் தோன்றவில்லை, பிரின்ஸிபாலுக்கு, ஆடிட்டருக்கு, மொய் எழுதியவர்களுக்கு, ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. அது எங்கள் ரத்தத்தில் கிடையாது. மொய் வைத்தவர்களுக்குத்தான் நேரம். வைக்காதவள் நான் ஒருத்திதான்.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இன்ஜினீயர் பாவம், தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். பெங்களூரை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இங்கே ஒரு வருடத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இன்னும் எத்தனை கிணறு கெடுமோ? அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மெஷினை ஏசி அறைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

பிரின்ஸிபால் ஆறுதலாக ஒரு வழி சொன்னார். "நீதானே பொறுப்பாளர். பாஸ்வேர்டு உன்கிட்டத்தானே இருக்கு? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் போட்டுக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

எடுக்கலாம்தான். ஒரு நிமிட வேலை. ஆனால் மொய்ப் பணத்தில் கை வைத்த வீட்டில் இந்தப் பக்கத்தில் எவனும் கை நனைக்க மாட்டான். அடுத்த வருடம் விருந்து வைத்தால் ஈ, காக்கைதான் வரும். என் ஒரு கணக்குக்காக இந்த ஏற்பாடே குட்டிச்சுவராகிவிடும். "முடியாதுங்க சார்" என்று நான் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டதாம்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம். நான் விசாரிச்சேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு. யோசி" என்றார். நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அலமாரியைத் திறந்து புடவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று மனசு அதுபாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை சங்கத்துக் கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் பெங்களூர் போக நேரலாம் என்றும் சொன்னேன்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, நானும்ல பாக்காம விட்டுட்டேன்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். தன் பட்டறை நேரத்தில் பாதியை எடுத்துக்கொள் என்றார். அவருக்கே அது போதாது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். அப்போது ஐஸ் கம்பெனிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தாலே எனக்குப் பகீரென்றது.

"மேடம், ஒரு விஷயம். எனக்கு அந்த மெஷின்ல என்ன வேலை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? அப்புறம் ஏன் மொய் வச்சீங்க?"

"எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன். எனக்குப் பொண்ணு குடுத்தது பேராவூரணிப் பக்கம், அங்கயும் மொய் விருந்துதான். கூப்பிட்ட விருந்துக்குப் போயி வெறுங்கையோட வந்தா வீட்ல சோறு போடுவாளா? இப்ப அவ்வளவு நேரமும் என் பேர்ல சும்மாக் கெடக்கு. வீட்ல கேக்குறா, வாங்குனதை வச்சு என்னதான் செய்யப் போறீங்கன்னு. மானம் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இங்கிட்டுப் பாருங்க. எங்க ஐஸ் இப்ப முன்ன மாதிரி இல்லை. கலங்கலா வருது, சீக்கிரம் கரையுது. தண்ணி உப்பாயிட்டு வருது. லாரித் தண்ணி வாங்கித்தான் ஓட்டுறேன். இன்னும் ஆழமாப் போரு போடவா, இல்ல கம்பெனியவே அங்கிட்டு உள்ள தள்ளிக் கொண்டுபோகவான்னு எனக்குத் தெரியணும். அதைத்தானே நீங்க கணக்குப் போடுறேங்குறீங்க?"

"ஆமா சார்."

"அப்ப என் நேரம் பூராவும் ஒங்களுக்கு மொய். புதுசா வைக்கிறேன், எழுதிக்கங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நன்றியெல்லாம் வேணாம். சும்மாக் குடுக்கலை மேடம், மொய்யு. அடுத்த வருசம் அக்கா விருந்து வைக்கும்போது நீங்க மொத ஆளாப் போயி மொய் வச்சு நேரம் வாங்கி, எனக்குத் திருப்பிச் செய்யணும். கூட்டிச் செய்யணும். செய்யாம ஊரை விட்டுப் போனீங்கன்னா, ஃபிளெக்ஸ்ல ஒங்க போட்டோ இருக்கு, பாத்துக்கங்க."

அவர் சொன்ன விதத்தில் கூட்டமே சிரித்துக் குலுங்கியது. பிறகு அவர் சுற்றிலும் பார்த்து, "மைக்கு இல்லையா?" என்று கேட்டார். இல்லை. அக்கா எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அவர் பெயரையும் ஊரையும் சொல்லி, அவர் வைத்த மொய்யைக் கத்தினார். ஐஸ்காரர் திருப்தியாக உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே என் கணக்கை ஓட்டினேன். இத்தனை வருடமாக ஒரு பாதியைக்கூடப் பார்க்காதவள், முதல் கிராமத்தின் நிலத்தடியை முழுதாகத் திரையில் பார்த்தேன். உப்பு நீர் ஒரு பழைய ஆற்றுத் தடத்தின் வழியாக உள்ளே வருகிறது. நான் நினைத்திருந்த பக்கம் அல்ல. என் ஊகம் தப்பாகப் போனதே என்று துக்கம் வரவில்லை, தெரிந்துவிட்டதே என்று சந்தோஷம்தான் வந்தது. அவருடைய ஐஸ் கம்பெனி அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஆழமாகப் போர் போட்டால் இன்னும் உப்புத்தான் வரும். வடக்கே கொஞ்ச தூரம் தள்ளினால் நல்ல தண்ணீர். உடனே போன் செய்து சொன்னேன். "அப்ப எடம் பாக்க வேண்டியதுதான்" என்றார், நாளைக்கு மழை என்று கேட்டவர் மாதிரி.

அதன் பிறகுதான் கணவருக்குப் போன் செய்தேன்.

"அந்த நெலையத்துல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"வரலைன்னு சொல்லிருங்க. எனக்கு இங்க ஒரு மொய் இருக்கு. திருப்பிச் செய்யணும்."

"அது எப்ப முடியும்?"

"திருப்பும்போது கூட்டி வைக்கணுங்க. அப்ப ஐஸ்காரரு எனக்குக் கடன். அவரு கூட்டித் திருப்புவாரு. அப்ப நான் மறுபடி அவருக்கு. அக்காவுக்கு வேற செய்யணும்."

"அப்ப அது முடியவே முடியாது."

"முடியாதுங்க."

இத்தனை வருடமும் நான் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். வர மாட்டேன் என்று நேராக ஒருநாளும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் இனி வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறாமலே இருந்துவிட்டால்?

"சரி. ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன், போன மாசமே" என்றார் மெதுவாக. "மாசத்துல ஒரு வாரம் மட்டும் இங்க ஆபீசுக்கு வந்தாப் போதுமாம். மிச்ச நாள் வீட்லேருந்தே வேலை பாக்கலாமாம். ஒனக்கு மெஷின் வருமா வராதான்னு தெரியாமச் சொல்ல வேணாம்னு இருந்தேன். அந்த முன் ரூம்ல எனக்கு ஒரு மேசை போடு. நான் வாரேன்."

அழுகிறாயா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். போனை வைத்ததும் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மனம் மாறுகிற மனுஷன் இல்லைதான். இருந்தாலும் கடை சாத்துவதற்குள் அந்த மேசையை வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது.